சாம்பார் சிந்தவில்லை, சாட்சியும் இல்லை

நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பாதியிலேயே அழுதுவிடுவார்கள். கேட்கிறவர்களும் சேர்ந்து அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதனாலேயே இதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கண்ணீர் இல்லாமல் சொன்னால் அது சாட்சியாக இருக்குமா என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். "நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க சுந்தரி. அழுகை வேணும்னா கேக்கறவங்க அழுதுக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானசுந்தரி. முடிச்சூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தேவராஜ், தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். நான் சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனி வளாகத்தின் கேன்டீனில் வேலை பார்த்தேன். சம்பளம் கொடுத்தது அந்தக் கம்பெனி இல்லை, கேன்டீனை எடுத்து நடத்திய ஒப்பந்தக்காரர். தினமும் காலையில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ஒரு வேன் எங்களை ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த வேனில் என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காருகிறவள் செல்வி. பம்மல்காரி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். வண்டலூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். கேன்டீனில் இரண்டு பேராகத் தூக்க வேண்டியது எது வந்தாலும் நானும் அவளும்தான் தூக்குவோம்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சமையல்கட்டு தரைக்குக் கீழே இருக்கும், சாப்பாட்டுக் கூடம் முதல் மாடியில். சாப்பாடெல்லாம் சரக்கு லிஃப்டில் மேலே போகும். அந்த வாரம் கீழே தண்ணீர் புகுந்து லிஃப்ட் நின்றுவிட்டது. பின்படிக்கட்டு வழியாக எல்லாவற்றையும் கையால் தூக்கிப் போகச் சொன்னார்கள்.

மதியச் சாம்பார் அண்டாவை நானும் செல்வியும் தூக்கினோம். அவள் மேல்படியில், நான் கீழ்ப்படியில். அண்டாவின் காதைச் சுற்றிப் பிடிதுணி போட்டுப் பிடித்திருந்தோம். வளைவில் திரும்பும்போது செல்வியின் கை நழுவியது. ஒரு நொடிதான். அண்டா முழுக்க என் பக்கம் சாய்ந்தது. விட்டிருந்தால் கொதிக்கிற சாம்பார் என் மேல்தான் கொட்டியிருக்கும். விடவில்லை. உடம்பைத் திருப்பி, அண்டாவைச் சுவரோடு முட்டுக்கொடுத்து நின்றேன். இடுப்புக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஏதோ ஒன்று திரும்பியது. செல்வி மறுபடியும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மேலே ஏறினோம்.

ஒரு சொட்டுச் சாம்பார்கூடச் சிந்தவில்லை. அன்றைக்கு அதை நினைத்து நிம்மதியாக இருந்தது. சிந்தியிருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். துடைத்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

கூடம் காலியாகும்வரை நின்று பரிமாறினேன். சூப்பர்வைசர் ரமேஷிடம், "சார், அண்டா தூக்கறப்ப இடுப்பு பிடிச்சிக்கிச்சு" என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போய் தைலம் தேச்சுக்கோங்கம்மா, சரியாயிடும்" என்றார். வேனில் வீடு வந்தேன். தைலம் தேய்த்துக்கொண்டேன். படுத்தேன்.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில் உயிர் போகிற வலி. வலது கால் என்னுடையது மாதிரியே இல்லை. தேவராஜும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போர்வையோடு தூக்கி ஆட்டோவில் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். "காலைல எழுந்திருக்கவே முடியல சார்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னதைத்தான் எழுதினார். முதல் நாள் நடந்ததை அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த வலியில் அண்டாவும் ஞாபகத்தில் இல்லை, ஆண்டவரும் ஞாபகத்தில் இல்லை.

முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது. ஆனால் வலது கால் முட்டிக்குக் கீழே மரத்தது மரத்ததுதான். பாதம் தொங்கிப்போனது. நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். இனி பாரம் தூக்கக்கூடாது, நின்று செய்யும் வேலை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ரமேஷுக்குப் போன் செய்தேன்.

"வேலை செய்யறப்ப அடிபட்டதுக்குக் கம்பெனில எதாவது செய்வாங்களா சார்?"

"வேலை செய்யறப்பவா? நீங்க நல்லா நடந்து வேன்ல ஏறிப் போனதை நானே பாத்தேன். வீட்டுல எழுந்திருக்க முடியாமப் போனதுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?"

"உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே சார்."

"எங்கிட்டயா? எனக்கு ஞாபகம் இல்லம்மா." அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கும் கோபம் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஒப்பந்தக்காரர் எங்கள் யாரையும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை. அந்த வழியும் அடைத்துக் கிடந்தது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? நான் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. ஆண்டவரோடு சண்டை போடவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட அது ஒரு பேச்சாக இருந்திருக்கும். எனக்கு ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பாட்டுக்கு வாய் அசைப்பேன். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவேன். கண்ணை மூடினால் இருட்டு, அவ்வளவுதான். சகோதரிகள் என் தலையில் கை வைத்து அழுது ஜெபிப்பார்கள். அவர்கள் கண்ணீர் என் புடவையில் விழும். புடவை நனைகிறதே என்று மட்டும் தோன்றும்.

ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கத்தினாள். "யம்மா, செருப்ப வுட்டுட்டு எங்க போற?" திரும்பிப் பார்த்தால் என் வலதுகால் செருப்பு தூரத்தில் கிடந்தது. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. சேற்றில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். கால் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயும் இப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வருத்தம் இல்லை. காய் கனத்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"எனக்கு ஜெபம் வரலம்மா. வாய் திறந்தா காத்துதான் வருது."

அவர் எனக்கு ஆறுதல் சொல்வார், வசனம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, "அப்ப காத்தோடயே சொல்லுங்க. நமக்கு மனசு உருகினாத்தான் அவருக்குக் காது கேக்கும்னு யார் சொன்னது? என்ன வேணும்னு சத்தமா, ஒரு வரில சொல்லுங்க. கடையில கேக்கற மாதிரி" என்றார். போகும்போது நம் சபையில் இருக்கும் ஒரு வக்கீலம்மாவின் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டார். வேலை செய்யும்போது அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறையில் அதற்கென்று ஒரு ஆணையர் இருக்கிறார், அங்கே மனுப் போடலாம் என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆனா ஒண்ணு சிஸ்டர். உங்க இடுப்பு போயிடுச்சுன்னு நிரூபிக்கறது ஈஸி. அது அந்த வேலையாலதான், அந்த வேலை நேரத்துலதான் போச்சுன்னு நிரூபிக்கணும். அதுதான் கஷ்டம். பதிவேட்டுல விபத்துன்னு எழுதல. ஆஸ்பத்திரில காலைலேர்ந்து வலின்னு இருக்கு. அந்தப் படிக்கட்டுல கேமரா இருக்கா?"

"பின்படிக்கட்டும்மா. அங்க லைட்டே சரியா இருக்காது."

"அப்ப யார் பாத்தாங்க?"

"செல்வி."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வந்தா கேஸ் இருக்கு."

செல்வி போனை எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த புதிதில் ஒருமுறை எடுத்து, "அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை முறை அடித்தாலும் மணி அடித்து அடங்கும். பிறகு அந்த நம்பரே இல்லை என்று சொன்னது. தேவராஜ் பம்மலில் அவள் வீட்டைத் தேடிப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்டால், காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், அங்கேயே வேறு தெருவில் இருப்பதாகக் கேள்வி என்றார்கள். கேன்டீன் வேலையையும் அவள் விட்டுவிட்டாள் என்று வேன் டிரைவர் சொன்னார்.

நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். காலையில் டீ போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமாக ஒரு வரி. "ஆண்டவரே, செல்வியை விசாரணைக்குக் கொண்டு வாரும்." அவ்வளவுதான். பாஸ்டரம்மா சொன்ன மாதிரி, கடையில் கேட்பது போல. ஆமென் சொல்லிவிட்டு டீ குடிப்பேன்.

செல்வி கிடைக்காவிட்டாலும் வக்கீலம்மா மனுப் போட்டுவிட்டார், வாய்தா மேல் வாய்தா போனது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போய் ஆணையர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஒருவழியாக மனுப் போட்டதற்கு அடுத்த வருடம் வெயில் ஏறுகிற நேரத்தில் என்னை விசாரித்தார்கள். ஆணையர் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்டு, குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். ஒப்பந்தக்காரரின் வக்கீல் மரியாதையான மனிதர். என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"முடிச்சூர்ல உங்க தெருவுக்கு லாரித் தண்ணி தானேம்மா?"

"ஆமா சார்."

"குடத்துல பிடிச்சு வீட்டுக்கு யார் தூக்கிட்டு வருவாங்க?"

"நான்தான்."

"இடுப்புலதானே வைப்பீங்க?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சார்."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து, முதுகெலும்பில் பழைய தேய்மானம் இருப்பதாக எழுதியிருக்கிறதே என்று ஆணையரிடம் காட்டினார். இத்தனை வருடம் குடம் தூக்கித் தேய்ந்த இடுப்பு ஒருநாள் காலையில் வீட்டில் படுக்கையில் பிடித்துக்கொண்டது, இதற்கும் கேன்டீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது சரி என்றுதான் பட்டது. அண்டா சாய்ந்தது நிஜமா, நானே கற்பனை செய்துகொண்டேனா என்றுகூட வெளியே வந்து நின்று யோசித்தேன்.

வக்கீலம்மா, "டாக்டருக்கு சம்மன் போட்டிருக்கேன். ஆனா செல்வி இல்லாம ரொம்பக் கஷ்டம் சிஸ்டர்" என்றார். சரி என்றேன்.

அந்த வாரம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டம். முடிந்ததும் பாஸ்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னும் அந்த ஒரு வரிதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்தப் பொண்ணு சாட்சிக்கு வரணும்னு கேக்கறீங்க. சரி. அந்தப் பொண்ணுக்காக எப்பவாவது கேட்டீங்களா? அவ எப்படி இருக்கா, சாப்பிட்டாளா, நல்லா தூங்கறாளான்னு?"

கேட்டதில்லை. அது தோன்றவே இல்லை. என் தோளில் தினமும் தூங்கினவள். அவளை நான் ஒரு சாட்சியாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து வரியை மாற்றினேன். "ஆண்டவரே, செல்வி நல்லா இருக்கட்டும். அவளுக்குத் தூக்கம் தாரும்." உண்மையைச் சொல்கிறேன், அதைச் சொல்லும்போது எனக்குள் அன்பு பொங்கவில்லை. பழைய மாதிரியே காற்றுதான். ஆனாலும் சத்தமாகச் சொன்னேன்.

தேவராஜ் ஒருநாள் டீக்கிளாஸோடு கேட்டுக்கொண்டே நின்றார். அவர் அதிகம் கோவிலுக்கு வருகிறவர் இல்லை.

"இன்னாத்துக்கு அவளுக்குப் போய் ஜெபம் பண்ற? உன்னிய அம்போன்னு வுட்டுட்டுப் போனவ அவ."

"பாஸ்டரம்மா சொன்னாங்க."

"அவங்க சொல்வாங்க. உனக்கு வயிறு எரியல?"

"எரியலங்க. ஒண்ணுமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்டர் முடிந்து வந்த வாரத்தில் ஒருநாள் காலை. யாரோ கேட்டைத் தட்டினார்கள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். செல்வி நின்றுகொண்டிருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது மரத்துத்தான் கெடக்குதா இன்னும்?"

"ஆமா."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்கா கைய வுட்டேன். துணி ஈரமா இருந்துச்சு, வழுக்கிகினு போச்சு. நீ தனியாத் தாங்கிகினு நின்ன. மேல ஏறினப்புறம் உன் மூஞ்சியப் பாத்தேன், சுண்ணாம்பு மாரி இருந்துச்சு. அப்பவே தெரியும்கா எனக்கு. உன் கால வாங்கினவ நான்தான்."

எனக்குப் புரியவில்லை. இத்தனை மாதமும் அவள் ரமேஷுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள், வேலை போய்விடும் என்று ஒளிந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ரமேஷ் சார் சொன்னாரு. அவங்க கேசு போட்டு ஜெயிச்சாங்கன்னா உன் தலையிலதான் வந்து வுழும், நீ கைய வுட்டதாலதான் அவங்க இடுப்பு போச்சுன்னு எழுதிடுவாங்க, போலீசு வரும்னாரு. எனக்கு போலீசு கூட பயம் இல்லக்கா. உன் மூஞ்சிலதான் முழிக்க முடியல. அதான் வேலைய வுட்டு, வூட்ட மாத்தி, நம்பர மாத்தி ஓடிகினே இருந்தேன். பம்மல்லயே ஒரு தோல் பட்டறைல வேலை செய்றேன். ராத்திரில கண்ண மூடினா அண்டா சாயுது."

"இப்ப எப்படி வந்த?"

"ஒரு ஷேர் ஆட்டோல ஏறிட்டேன்கா. டிரைவர் யாருன்னு பாக்கல. பாதி வழில கண்ணாடில பாத்தா உன் வூட்டுக்காரரு. செத்தேன்னு நெனச்சேன். எல்லாரும் இறங்கறவரைக்கும் ஒண்ணும் பேசல. நான் இறங்கறப்ப, காசு வாணாம்னுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. 'சுந்தரி டெய்லி காலைல உனக்கு நல்லா தூக்கம் வரணும்னு ஜெபம் பண்ணுது'ன்னாரு. அவ்ளோதான். வண்டிய எடுத்துகினு போய்ட்டாரு."

அவள் வாய்விட்டு அழுதாள். தேவராஜ் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார நினைத்தேன், கால் மடங்கவில்லை. அதனால் நின்றுகொண்டே அவள் தலையில் கை வைத்தேன்.

"நீ விடலடி. உன் கை நழுவிச்சு. அது வேற."

"நீ என்னத் திட்டவே இல்லியாக்கா?"

"இல்ல."

அது பெருந்தன்மை இல்லை. திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே வந்து டீ குடித்தாள். விசாரணையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள். "எங்கக்கா வரணும்? எப்ப?"

அடுத்த விசாரணையில் முதலில் டாக்டரைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆபரேஷன் செய்தவர். ஒப்பந்தக்காரரின் வக்கீல் தேய்மானத்தைப் பற்றிக் கேட்டார்.

"இருந்துச்சு. இந்த வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். ஆனா அதோட அவங்க நடந்துக்கிட்டு, வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. வட்டு பிதுங்கினது புதுசு. பெரிய பாரத்தைத் தாங்கிக்கிட்டு உடம்பைத் திருப்பினா இப்படி ஆகும். அன்னைக்கே படுக்கையில விழணும்னு அவசியம் இல்ல. வீக்கம் ஏறி மறுநாள் காலைல நரம்பை அமுக்கறது சாதாரணமா நடக்கறதுதான்" என்றார்.

"தூக்கத்திலயும் ஆகலாம் இல்லையா டாக்டர்?"

"ஆகலாம். அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா, எதுன்னு சொல்லலாம்."

பிறகு செல்வி நின்றாள். லிஃப்ட் நின்றது, படிக்கட்டு, வளைவு, ஈரத்துணி, எல்லாவற்றையும் சொன்னாள். அண்டா என் மேல் சாய்ந்தபோது நான் 'ஐயோ'வென்று கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன் என்றாள். அது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஒப்பந்தக்காரரின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்ப உங்க கவனக்குறைவாலதான் அவங்களுக்கு அடிபட்டுது. அப்படித்தானே?"

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் இத்தனை மாதம் பயந்து ஓடியது இந்தக் கேள்விக்குத்தான்.

"ஆமா சார். என் கைதான் நழுவிச்சு. என்னாலதான்."

"நோட் பண்ணிக்குங்க மேடம். கூட வேலை செஞ்சவங்களோட தப்பு. அதுக்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவாரு?"

ஆணையர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் தப்புன்னு நான் கேக்கலையே சார். இந்தச் சட்டத்துல அந்தக் கேள்வியே இல்ல. எங்க நடந்துச்சு, யார் வேலையைச் செஞ்சப்ப நடந்துச்சு, அதனாலதான் இந்தப் பாதிப்பு வந்துச்சான்னு பாக்கறேன். இது வரைக்கும் விபத்தே நடக்கலைன்னு சொன்னீங்க. இப்ப நீங்களே அது யாரால நடந்துச்சுன்னு கேட்டுட்டீங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். செல்வி புரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். தன்னைக் கூண்டில் ஏற்றும் என்று எந்த வார்த்தைக்குப் பயந்து ஊருக்குள்ளேயே ஒளிந்து திரிந்தாளோ, அந்த வார்த்தைதான் என் வழக்கை நிலைநிறுத்தியது. "என்னாலதான்" என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் வேறு யாராலும் அதை நிரூபித்திருக்க முடியாது.

ஆணையர் அவளிடம், "நீங்க போலாம்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார். செல்வி கதவு வரை போய்த் திரும்பி, "நெசமாவா மேடம்?" என்று கேட்டாள்.

மழைக்காலம் வருவதற்குள் உத்தரவு வந்தது. என் காயம் வேலையால் வந்தது, வேலை நேரத்தில் வந்தது, ஒப்பந்தக்காரர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஆணையர் எழுதியிருந்தார். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், பிறகு கொடுத்தார்கள்.

உத்தரவு வந்த அன்று பாஸ்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வக்கீலம்மா அழுதார். தேவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் துடைத்தார். நான் அன்றைக்கும் அழவில்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னேன். ஒரு வரிதான். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ரசத்தில் புளி தூக்கலாக இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக எதைச் சாப்பிட்டாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. "புளி ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். தேவராஜ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமா, நான் வெச்ச ரசம்தான்" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கிடைத்த பெரிய அற்புதம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

என் கால் குணமாகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது ஒரு மருந்துக்கடைக்கு மாத்திரைக் கவர் ஒட்டும் வேலையை வீட்டில் உட்கார்ந்தே செய்கிறேன். கேன்டீனில், பட்டறையில், பங்களாக்களில் வேலை செய்கிற பெண்கள் ஆராதனை முடிந்து என்னிடம் வருகிறார்கள். செல்வியும் சிலரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். அடிபட்டால் அன்றைக்கே சொல்லுங்கள், நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், எந்த வேலை செய்யும்போது ஆனது என்று நீங்களாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அப்புறம் ஜெபம் பண்ணுங்கள். இரண்டும் வேண்டும்.

சகோதர சகோதரிகளே, இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு என்னைப் போலவே உள்ளே ஒன்றும் அசையாமல் இருக்கலாம். மற்றவர்கள் கண்ணீரோடு ஜெபிப்பதைப் பார்த்து, நமக்கு அந்தக் கிருபை இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடாதீர்கள். உணர்ச்சி இல்லாமல் சொன்ன ஒரு வரியை என் ஆண்டவர் எடுத்து, என் வீட்டுக்காரர் காதில் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பம்மலில் தூங்காமல் கிடந்த ஒருத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் அழுகிறேனா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இப்போது என் காலை ஜெபத்தில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. ரமேஷ். அவரும் யாருக்கோ பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று செல்வி சொல்கிறாள். எனக்குத் தெரியாது. அவர் பெயரைச் சொல்லும்போது எனக்குள் ஒன்றும் வருவதில்லை. ஆனாலும் தினமும் சொல்கிறேன், சத்தமாக.